மோன் வான்தூவில் ஐந்து நாள்: எந்தப் பக்கம் ஏறுவது, எதை விடுவது

கேள்வி இது: "ஜூன் கடைசி வாரத்தில் தெற்கு பிரான்சின் மோன் வான்தூ இயற்கைப் பூங்காவுக்கு ரோடு பைக்கோடு (சாலைச் சைக்கிள்) போகிறேன். கையில் ஐந்து நாள். சமவெளியில் 100 கி.மீ. ஓட்டிப் பழக்கம், மலைப் பழக்கம் குறைவு. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் கியர். மலையின் மூன்று பக்கத்தையும் ஒரே நாளில் ஏறலாமா? அங்கே வேறு நல்ல பாதைகள் உண்டா?"

அந்த 28 பல்லோடு மூன்று ஏற்றம் வேண்டாம். உச்சிக்கு இரண்டு முறை, இரண்டு தனித்தனி நாளில் போங்கள். மிச்ச மூன்று நாளை மலையைச் சுற்றியுள்ள சாலைகளுக்குக் கொடுங்கள். உச்சிக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டு மறுநாளே ரயில் ஏறுகிறவர்கள் பூங்காவின் நல்ல சாலைகளில் பாதியைப் பார்ப்பதே இல்லை. எந்த நாள் எந்தப் பாதை என்று மட்டும் வீட்டிலிருந்தே எழுதி வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு நாளுக்கும் முந்தைய இரவு காற்றைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

மோன் வான்தூ 1,910 மீட்டர் உயரம். ஆல்ப்ஸ் மலைக்கூட்டத்திலிருந்து விலகி, ரோன் ஆற்றுச் சமவெளியை ஒட்டித் தனியாக எழும்பி நிற்கிறது. பக்கத்தில் அதை மறைக்க இன்னொரு மலை இல்லாததால் வடக்கிலிருந்து வரும் மிஸ்த்ரால் காற்று நேராக உச்சியில் மோதும். யுனெஸ்கோ 1990இல் இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. வட்டார இயற்கைப் பூங்காவானது 2020இல்தான். பூங்கா என்றதும் செக்போஸ்ட், கட்டணம், மாலை ஆறு மணிக்கு மேல் அனுமதியில்லை என்றெல்லாம் நினைக்க வேண்டாம். எல்லைக்குள்ளேயே ஊர்களும் திராட்சைத் தோட்டங்களும் லாவெண்டர் வயல்களும் இருக்கின்றன. சாலைகள் எல்லாம் பொதுச் சாலைகள்.

உச்சிக்கு மூன்று தார்ச்சாலைகள். தென்மேற்கில் பெத்வான், வடமேற்கில் மலோசேன், கிழக்கில் சோ ஆகிய ஊர்களிலிருந்து அவை புறப்படுகின்றன. சோ என்ற ஊரின் பெயர்ப்பலகையில் எழுத்துகள் அதிகம், கடைசி இரண்டும் ஒலிப்பதில்லை. வழி கேட்கும்போது 'சால்ட்' என்றால் யாருக்கும் புரியாது.

கியர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதை ஊரிலேயே சரிசெய்ய வேண்டும். ஆள், பைக், தண்ணீர் எல்லாம் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பெத்வான் பக்கத்துக் காட்டுப் பகுதியில் சாய்வு 9 சதவீதத்தை ஒட்டியே போகும். அதில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறவே 170 வாட் தேவை. அந்த வேகத்தில் 34-28 கியரில் பெடல் நிமிடத்துக்கு 52 சுற்றுதான் சுற்றும். பின்னால் 34 பல் இருந்தால் 63 சுற்று. முன்னால் 31, பின்னால் 34 என்றால் 70. சக்தி மூன்றிலும் ஒன்றுதான். ஆனால் 52 சுற்றில் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் வாங்கும் சுமை அதிகம், இந்தப் பகுதியைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதியில் இறங்கித் தள்ளுகிறவர்களில் பலருக்கு மூச்சில் குறையிருக்காது, தொடையும் இடுப்பும்தான் விட்டிருக்கும்.

ஆகவே 11-34 கேசட், அதாவது 11 முதல் 34 பல் வரையுள்ள பின் பல்சக்கரத் தொகுதி, போடுங்கள். போடுவதற்கு முன் பின் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) அதைத் தாங்குமா என்று பாருங்கள். உதாரணமாக, ஷிமானோ 105 ஆர்7000 வரிசையில் குட்டைக் கை மாடல் 30 பல் வரைக்கும்தான், நீளக் கை மாடல் 34 வரைக்கும் போகும். செயினும் நீள வேண்டும், வழக்கமாக 2 முதல் 4 கண்ணி வரை. பழைய செயினையே விட்டுவிட்டு, அவசரத்தில் முன்னால் பெரிய பல், பின்னால் பெரிய பல் என்று மாற்றினால் செயின் இழுத்துக்கொண்டு டீரெய்லரைப் பிய்த்துவிடும். கடையில் மாற்றிய கையோடு அந்தப் பெரிய-பெரிய சேர்க்கையை ஸ்டாண்டில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். டீரெய்லர் கையில் இன்னும் கொஞ்சம் தளர்வு மிச்சமிருந்தால் சரி.

இனி ஏற்றங்கள். முதல் முறை போகிறவர் சோவிலிருந்து ஏறுவதே நல்லது. 26 கி.மீ. நீளம், ஏறும் உயரம் ஏறக்குறைய 1,200 மீட்டர், சராசரி 4.5 சதவீதம். ஊரை விட்டதும் சாலை கொஞ்சம் இறங்கி லாவெண்டர் வயல்களுக்கு நடுவே போகும், பிறகு பீச், ஓக் மரக் காடு. ஷாலே ரெனார் என்ற மலைவிடுதிச் சந்திப்பு வரை 20 கி.மீ., அதில் கடைசிப் பகுதி கிட்டத்தட்டச் சமதளம். இந்த இலகுவில்தான் பொறி இருக்கிறது. 3, 4 சதவீதச் சாய்வில் உற்சாகமாகப் பெரிய கியரில் விரட்டி வந்து, ஷாலே ரெனாரில் பெத்வான் சாலையோடு சேர்ந்த பிறகு மிச்சமுள்ள 6 கி.மீ. 7, 8 சதவீதத்தில் நிமிரும்போது காலில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. முதல் 20 கி.மீ. முழுவதும் பக்கத்தில் வருகிறவரோடு தடையில்லாமல் பேச முடிகிற அளவுக்கு மேல் போகாதீர்கள்.

இரண்டாவது முறைக்குப் பெத்வான். டூர் டி பிரான்ஸ் பெரும்பாலும் ஏறுவது இந்தப் பக்கம்தான். 21 கி.மீ.க்குச் சற்று மேல், ஏறும் உயரம் 1,600 மீட்டர். இதை ஒரே ஏற்றமாக நினைக்காமல் மூன்று துண்டாக ஓட்ட வேண்டும். முதல் 6 கி.மீ. திராட்சைத் தோட்டங்கள் வழியே மெதுவாக ஏறும். சான்-எஸ்தேவ் என்ற இடத்தில் இடப்பக்கம் ஒரு கொண்டை ஊசி வளைவு. அதைத் திரும்பிய கணத்தில் இரண்டாவது துண்டு தொடங்கும்: காட்டுக்குள் ஒன்பதரை கி.மீ., சராசரி 9 சதவீதம், இடையிடையே 10, 11. மூச்சு வாங்கச் சமதளம் எங்கும் கிடையாது. ஷாலே ரெனாருக்கு மேலே மூன்றாவது துண்டு, வெள்ளைக் கற்கள் நிறைந்த மொட்டை மலையில் 6 கி.மீ. தூரத்திலிருந்து பனி போலத் தெரிவது சுண்ணாம்புக்கல் சரளைதான். கப்பல் கட்டவும் கரிக்கும் பல நூற்றாண்டு வெட்டியதில் மலை மொட்டையானது. கீழே இன்று நிற்கும் தேவதாருவும் கறுப்புப் பைனும் 19ஆம் நூற்றாண்டில் திரும்ப நட்டவை.

காட்டுப் பகுதியில் திணறுவதற்குச் சாய்வு மட்டும் காரணமில்லை. மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் எதிர்காற்றே உருவாகாது. மரங்கள் வெளிக்காற்றையும் மறைத்துவிடும். வியர்வை உலராது, உடல் சூடு ஏறிக்கொண்டே போகும், கோடையில் ஈக்கள் வேறு முகத்தைச் சுற்றும். இந்த வெயிலோடு விளையாட வேண்டாம். 1967 ஜூலை 13 அன்று டூர் டி பிரான்ஸ் போட்டியில் டாம் சிம்சன் உச்சிக்கு ஒன்றரை கி.மீ. கீழே விழுந்து இறந்தது வெப்பமும் உடல் வறட்சியும் ஊக்க மருந்தும் சேர்ந்ததால்தான். ஏறும்போது வலப்பக்கம் அவருடைய நினைவுக்கல் இருக்கிறது, சைக்கிள்காரர்கள் தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் வைத்துவிட்டுப் போகிறார்கள். நின்று பார்ப்பதானால் இறங்கும்போது நில்லுங்கள். ஏறும்போது நின்றால் அந்தச் சாய்வில் மறுபடி கிளீட்டை (ஷூவைப் பெடலோடு பூட்டும் கொக்கி) மாட்டிக் கிளம்புவது சிரமம்.

பெத்வானில் இரண்டு 750 மி.லி. பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள். ஷாலே ரெனார் வரை நம்பக்கூடிய குழாய் எதுவும் இல்லை. காட்டுப் பகுதியை மணிக்கு 8 கி.மீ. கணக்கில் ஓட்டுகிறவருக்கு முழு ஏற்றமும் ஏறக்குறைய 2 மணி 15 நிமிடம், அதில் செலவாகும் சக்தி 1,400 கலோரியை ஒட்டி வரும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, அதுவும் கிளம்பிய அரை மணியிலிருந்தே தொடங்க வேண்டும். காட்டுக்குள் போன பிறகு வாயில் எதுவும் இறங்காது. சான்-எஸ்தேவ் வளைவுக்கு முன்னால் ஒரு வாழைப்பழத்தையோ ஜெல்லையோ முடித்துவிடுங்கள். சாலையோரக் கிலோமீட்டர் கற்களில் உயரமும் அடுத்த கிலோமீட்டரின் சராசரிச் சாய்வும் எழுதியிருக்கும். 9, 10 என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போவது சிலருக்கு உதவும், சிலரை உடைத்துவிடும். இரண்டாவது வகையென்றால் கல்லைப் பார்க்காதீர்கள். மேலே புகைப்படக்காரர்கள் படமெடுத்து ஓடிவந்து கையில் அட்டை திணிப்பார்கள், வாங்கி முதுகுப் பையில் போட்டுக்கொண்டு நகருங்கள்.

மலோசேன் பக்கம் பெத்வானுக்கு இளைத்ததில்லை. 21 கி.மீ., 1,550 மீட்டரை ஒட்டிய ஏற்றம். ஊர் முடிகிற இடத்தில் க்ரோசோ ஊற்று இருக்கிறது. இங்கே சாய்வு ஒரே சீராக இராது: கொஞ்சம் தளரும், மறுபடி நிமிரும். நடுவில் சுமார் 3 கி.மீ. 10 முதல் 12 சதவீதம் வரை போகும். சாலை அகலமாகவும் நேராகவும் இருப்பதால் அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. பைக்கில் ஏதோ பிரேக் உரசுகிறது என்று இறங்கிப் பார்க்கிறவர்கள் உண்டு. மோன் செரான் பனிச்சறுக்கு இடம் வந்ததும் கொஞ்சம் இளைப்பாறலாம், காபி கிடைக்கும். அதற்கு மேல் 6 கி.மீ. வடக்கே ஆல்ப்ஸ் வரிசை திறந்து கிடக்கும். மூன்றில் காட்சிக்கு இதுவே முதலிடம். ஆனால் ஐந்து நாளில் உச்சிக்கு இரண்டு முறைதான் என்றால் இதை ஏறாமல் விடலாம். பெத்வானிலிருந்து ஏறி இந்த வழியே இறங்கினால் காட்சி எப்படியும் கிடைத்துவிடும்.

அப்படி இறங்குவதா கூடாதா என்பது காற்றைப் பொறுத்தது. மிஸ்த்ரால் வடக்கு, வடமேற்கிலிருந்து வருவது. அது வீசும் நாளில் வானம் துடைத்துவிட்ட நீலமாக இருக்கும், கீழே ஊரில் இலை லேசாக ஆடும், நல்ல நாள் என்று தோன்றும். பெத்வான் காட்டிலும் ஒன்றும் தெரியாது. ஷாலே ரெனாரைத் தாண்டிய பிறகும் முகட்டின் மறைவில் ஓரளவு தப்பித்துப் போகலாம். உச்சிக்கு ஒரு கி.மீ. இருக்கும்போது கோல் தே தாம்பேத், அதாவது 'புயல்களின் கணவாய்', வரும். அங்கே முகடு திறக்கிற இடத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரே அடியாக அடிக்கும். 2016இல் டூர் டி பிரான்ஸ் முடிவுக் கோட்டையே காற்றுக்காக உச்சியிலிருந்து ஷாலே ரெனாருக்கு இறக்கினார்கள். உலகின் சிறந்த ஓட்டிகளுக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்கள் யோசிக்க வேண்டாமா?

வானிலை முன்னறிவிப்பை ஊருக்குப் பார்க்காமல் உச்சிக்குப் பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனியாக எண்கள் கிடைக்கும். சராசரிக் காற்றைவிட, திடீரென ஓங்கி அடிக்கும் வீச்சுக் காற்றின் வேகம்தான் முக்கியம். மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் வீச்சு என்றால் மலோசேன் பக்கம் இறங்காதீர்கள். 70க்கு மேல் என்றால் ஷாலே ரெனாரோடு திரும்பிவிடுங்கள். இது சட்டமல்ல, ஓட்டுகிறவரின் எடைக்கு ஏற்ற ஒரு எச்சரிக்கைக் கணக்கு. 60 கிலோவுக்குக் கீழ் இருப்பவர்கள் இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். முன் சக்கரத்தில் 50 மி.மீ. ஆழமுள்ள ரிம் போட்டுக்கொண்டு வருவது இந்த மலைக்கு ஆகாது. பக்கக் காற்று அந்த ரிம்மைப் பாய் போலப் பிடித்து ஹாண்டில்பாரைத் திருப்பும். 30 மி.மீ. அல்லது அதற்கும் குறைவானது போதும்.

குளிரும் கணக்கில் வர வேண்டும். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். பெத்வானில் 26 டிகிரி என்றால் உச்சியில் 15, 16. அதன்மேல் காற்று, நனைந்த சட்டை, பெடல் மிதிக்காமல் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் இறக்கம். கை விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது, பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஜூனிலும் காற்றுத்தடுப்பு ஜாக்கெட், கைச்சட்டை, முழுவிரல் கையுறை மூன்றும் முதுகுப் பையில் இருக்கட்டும். உச்சியில் பெயர்ப்பலகைக்கு முன்னால் படமெடுக்க வரிசை நிற்கும். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்ட பிறகு வரிசையில் நில்லுங்கள்.

இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது மிகக் கெட்ட பழக்கம். வெப்பம் வெளியேற இடைவெளியே கிடைக்காது. கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் என்றால் ரிம் உருக்குலையலாம், உள்ளே டியூப் வெடிக்கலாம். டிஸ்க் என்றால் பேட் பளபளத்துப்போய்ப் பிடிப்பு குறையும், கிறீச்சிடும். வளைவுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பிரேக்கையும் சில நொடி அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள், நேர் சாலையில் ஆற விடுங்கள். கிளம்பும் முன் பேட் தடிமனைப் பாருங்கள், பாதிக்குக் கீழ் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மூன்று இறக்கத்தில் சோ பக்கம் மிக மென்மையானது, காற்று நாளுக்கும் பயப்படுகிறவருக்கும் அதுதான். மலோசேன் பக்கத்து நீண்ட நேர்ச்சாலைகளில் நினைக்காமலே 80 கி.மீ. வேகம் வந்துவிடும். பெத்வான் பக்கம் காட்டுக்குள் வளைவுகளில் மேலே ஏறிவரும் தள்ளாடும் சைக்கிள்களும் அவற்றைத் தாண்டப் பார்க்கும் கார்களும் எதிரே வரும், உங்கள் பாதியை விட்டு வெளியே போகாதீர்கள்.

இப்போது மலையைச் சுற்றியுள்ள சாலைகள். இந்தப் பூங்காவில் ஒரே ஒரு நாள்தான் ஓட்டலாம் என்றால், தேர்ந்தெடுக்க வேண்டியது நெஸ்க் பள்ளத்தாக்கு. வில்-சூர்-ஓசோன் என்ற ஊரிலிருந்து டி942 சாலை ஆற்றுக்கு வெகு உயரத்தில் பாறைச் சுவரைக் குடைந்து போகிறது. சுமார் 20 கி.மீ. ஏற்றம், சாய்வு 2, 3 சதவீதம்தான், 734 மீட்டர் உயரத்தில் பார்வை மேடை. எதிரே செங்குத்தாக நிற்பது ரோஷே துய் சீர், 'மெழுகுப் பாறை', அதில் கூடு கட்டிய காட்டுத் தேனீக்களால் வந்த பெயர். சின்னச் சின்னக் குகைவழிகள் உண்டு, பின்விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதை வில்-சூர்-ஓசோனிலிருந்து சோ நோக்கி, அதாவது மேல்நோக்கி ஓட்டுவதே சரி. பிரான்சில் வலப்பக்கம் ஓட்டுவதால் பள்ளம் உங்கள் பக்கம் இருக்கும், 15, 20 கி.மீ. வேகத்தில் எல்லாவற்றையும் பார்க்கலாம். எதிர்த்திசையில் வந்தால் பாறைச் சுவரை உரசிக்கொண்டு வேகமாக இறங்கிவிடுவீர்கள், பார்த்தது ஒன்றும் நினைவிருக்காது. சாலை தெற்குப் பார்த்த சுவரில் இருப்பதால் பகல் முழுக்க வெயில், பாறை வேறு அனலை வீசும், வழியில் தண்ணீரும் இல்லை. காலை எட்டு மணிக்குள் வில்-சூர்-ஓசோனைக் கடந்துவிடுங்கள். மழைக்கு மறுநாள் சாலையில் கூர்மையான கல் சிதறிக் கிடக்கும், அன்று பஞ்சர் கேட்காமலே வரும்.

இந்தச் சாலையை உச்சியோடு இணைத்தால் பூங்காவின் மிகச் சிறந்த ஒருநாள் வட்டம் கிடைக்கும்: பெத்வானிலிருந்து ஃப்ளாசான் வழியாக வில்-சூர்-ஓசோன், நெஸ்க், மோன்யூ, சோ, அங்கிருந்து ஷாலே ரெனார், உச்சி, பெத்வானுக்கு இறக்கம். ஏறக்குறைய 90 கி.மீ., 2,000 மீட்டரை ஒட்டிய ஏற்றம். சோவில் மதியம் சாப்பிட்டுத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். காற்று கூடிவிட்டால் ஷாலே ரெனாரில் உச்சியை விட்டுவிட்டு நேராகப் பெத்வானுக்கு இறங்கலாம், வட்டம் கெடாது. இப்படிப் பாதியில் தப்பிக்க வழியுள்ள பாதை மலையில் பெரிய சொத்து. உங்கள் முதல் உச்சி ஏற்றத்தை இதோடு சேர்த்தே முடித்துவிடலாம்.

காற்று பலமாக அடிக்கும் நாளுக்கு மோன்மிராய் தான்தெல் பாறைகளைச் சுற்றி ஓட்டுங்கள். மலோசேனிலிருந்து டி90 சாலையில் 472 மீட்டர் உயரக் கோல் த லா ஷேன் கணவாய், சுசெத் என்ற குன்றின்மேல் ஊர், பிறகு போம்-த-வெனீஸ், வாகெராஸ், ஜிகோன்தாஸ், செகுரே, வேசோன்-லா-ரொமேன், திரும்ப மலோசேன். சுமார் 50 கி.மீ. சுசெத் பக்கம் சில குறுகிய ஏற்றங்கள் 10 சதவீதத்தைத் தொடும், மற்றதெல்லாம் திராட்சைத் தோட்டச் சாலைகள். உயரம் குறைவென்பதால் மிஸ்த்ராலில் தள்ளாடலாம், ஆனால் ஆபத்தில்லை. வந்திறங்கிய முதல் நாளுக்கும் இது பொருத்தம்: பெட்டியிலிருந்து எடுத்துக் கோத்த பைக்கில் எது தளர்ந்திருக்கிறது என்பது பெரிய ஏற்றத்துக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். பெத்வானில் தங்கியிருந்தால் மலோசேனுக்குக் கோல் த லா மதலேன் வழியாக வரலாம், 448 மீட்டர். ஆல்ப்ஸில் அதே பெயரில் உள்ள புகழ்பெற்ற கணவாய் இதைவிட நான்கு மடங்கு உயரம். ஆப்பில் தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உச்சிக்கே போகாமல் மலையை முழுச்சுற்று வருவதும் ஒரு நாளுக்குத் தாங்கும். பெத்வான், மலோசேன், ஆந்த்ரெஷோ, மோலான், அங்கிருந்து தூலூரான் ஆற்றோடு டி40 சாலையில் ப்ரான்த், மோன்ப்ரன், பிறகு ஓரேல், சோ, நெஸ்க் வழியாகத் திரும்பல். 110 கி.மீ.யை ஒட்டி வரும். வடக்குப் பள்ளத்தாக்கில் வண்டிப் போக்குவரத்து மிகக் குறைவு. ப்ரான்த்திலிருந்து பார்த்தால் மலையின் வடமுகம் ஒரே சுவராக எழும்பி நிற்கும். ஆனால் அங்கே கடைகளும் அதே அளவுக்குக் குறைவு. மோலானுக்கும் மோன்ப்ரனுக்கும் இடையில் எதுவும் திறந்திருக்காது என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். இதில் மட்டும் நெஸ்க் இறங்குமுகமாக வரும், வேறு வழியில்லை.

போய்ச் சேர்வது சுலபம். அவிஞோன் வரை அதிவேக ரயில், அங்கிருந்து வட்டார ரயிலில் கார்பான்த்ரா. அங்கிருந்து பெத்வானுக்கு 15 கி.மீ., ஓட்டியே போய்விடலாம். அதிவேக ரயிலில் பைக்கைச் சக்கரம் கழற்றி 130 x 90 செ.மீ. பைக்குள் வைத்தால் சாமானாக ஏற்றிக்கொள்வார்கள். வாடகைக்கு எடுப்பதானால் பெத்வானில் கடைகள் உண்டு, ஜூனில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், பின்னால் எத்தனை பல் என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தப் பெடலும், கிராங்க் நடுவிலிருந்து சீட் உச்சி வரை அளந்த எண்ணும் கையில் இருக்கட்டும். இன்னொன்று: இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் பெரும்பாலும் வலக்கை லீவர் முன் பிரேக். பிரான்சில் வலக்கை பின் பிரேக். வண்டியை எடுத்ததும் தெருவில் இரண்டு முறை பிடித்துப் பாருங்கள், மலை உச்சியில் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

உச்சிச் சாலை நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி, சில ஆண்டு மே வரை, பனியால் மூடியிருக்கும். அப்போதும் ஷாலே ரெனார், மோன் செரான் வரை போகலாம். ஜூன் கடைசி நல்ல தேர்வு: லாவெண்டர் நிறம் பிடிக்கத் தொடங்கியிருக்கும், ஜூலை ஆகஸ்ட் நெரிசல் வந்திருக்காது. பகல் நீளம் என்பதால் காலை ஆறரைக்குக் கிளம்பலாம். பத்து மணிக்கு மேல் மோட்டார் சைக்கிள்களும் முகாம் வண்டிகளும் கூடிவிடும். திங்களன்று பெத்வானிலும், புதனன்று சோ, மலோசேன் இரண்டிலும் சந்தை. ஊர் நடுத்தெரு அடைபட்டிருக்கும், ஆனால் பழமும் ரொட்டியும் மலிவாகவும் புதிதாகவும் கிடைக்கும். கோடையில் காட்டுத்தீ அபாயம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் காட்டுக்குள் நுழையத் தடை வரும். கிளைக் காட்டுச் சாலைகளை நம்பித் திட்டம் போட்டிருந்தால் முதல் நாள் மாலை சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மூன்று ஏற்றம் ஒரே நாளில் வேண்டும் என்றால், கேசட்டை மாற்றியிருக்க வேண்டும், நான்காவது நாள் ஓய்வெடுத்திருக்க வேண்டும், உச்சியில் வீச்சு 30 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் ஐந்தாம் நாள் விடியலில் பெத்வானிலிருந்து ஏறுங்கள், மலோசேனுக்கு இறங்குங்கள், அங்கிருந்து ஏறி சோவுக்கு இறங்குங்கள், கடைசியாகச் சோவிலிருந்து ஏறிப் பெத்வானுக்குத் திரும்புங்கள். 137 கி.மீ., ஏறக்குறைய 4,400 மீட்டர். கடினமானதைக் குளிர்ந்த நேரத்தில் முடித்துவிட்டு, மென்மையானதைக் களைத்த காலுக்கு வைக்கும் வரிசை இது. முதல் ஏற்றத்தை உங்கள் வழக்கமான வேகத்தைவிட 15 நிமிடம் மெதுவாக முடியுங்கள். மதியம் ஒரு மணிக்குள் இரண்டாவது முறை உச்சியில் இல்லையென்றால் சோ பக்கம் இறங்காதீர்கள். அங்கே இறங்கிவிட்டால் பெத்வானில் இருக்கும் அறைக்குத் திரும்ப மலை ஏற வேண்டும், இல்லையென்றால் நெஸ்க் வழியாக 40 கி.மீ.க்கு மேல் சுற்ற வேண்டும்.

இந்த மூன்றேற்றத்துக்கென்றே 1988இல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது, பெயரின் பொருள் 'வான்தூ பைத்தியங்கள்'. முன்கூட்டியே பதிவு செய்தால் ஒரு அட்டை அனுப்புவார்கள். ஊர்க் கடைகளிலும் உச்சியிலும் முத்திரை வாங்கி நிரப்ப வேண்டும். அட்டை தபாலில் வரும், கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே எழுதிப் போடுங்கள். அதிகாலை ஆறு மணிக்குக் கடை திறந்திருக்காது என்பதால் பெத்வான் முத்திரையை முதல் நாள் மாலையே எங்கே வாங்கலாம் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.